இளையவள் முதலில்

இன்று மதியம் அலுவலகத்தில் யாரோ சாப்பாட்டுத் தட்டின் அலுமினியத் தாளை உரித்தார்கள். அவித்த கோவா, முட்டைக்கோஸ், மணந்தது. எனக்கு உங்கள் சமையலறை மேசை தெரிந்தது. அழுகை வரவில்லை. நீங்கள் இறந்துபோன செய்தி கேட்ட நாளிலும் வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும்வரை, வெம்பிளியில் தனியே வாழும் முதியவர்களுக்கு உள்ளூராட்சிக் கவுன்சிலின் மதியச் சாப்பாட்டைக் கொண்டுபோனேன். என் சுற்றில் கடைசி வீடு உங்களுடையது. நீங்கள் பிரிட்டிஷ் குதிரைப்படையில் இருந்தவர் என்று நான் வீட்டில் சொன்னபோது அம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

"ஆமிக்குப் பயந்து ஓடி வந்து, இஞ்சை ஒரு ஆமிக்காரனுக்குச் சாப்பாடு குடுக்கிறியோ?"

நீங்கள் என்னைத் 'தங்கச்சி' என்று கூப்பிடுவதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "எழுபது வயசுக் கிழவனுக்கு நீ தங்கச்சியோ? அப்ப அவர் எனக்கு மகனோ?"

அந்தச் சொல்லை மலாயாவின் ரப்பர்த் தோட்டத்துத் தமிழரிடம் பழகியதாகச் சொன்னீர்கள். பெயர்தான் குதிரைப்படை; நீங்கள் ஒருநாளும் குதிரை ஏறியதில்லை. உங்களுக்குக் கிடைத்தது கவச வாகனம். வெயிலில் அதன் இரும்பைத் தொட்டால் தோல் உரியும், மழையில் செம்மண் சக்கரத்தை விடாது என்பீர்கள். யாழ்ப்பாணத்தில் அப்படியொரு வாகனம் வந்தபோது வேலிக்குப் பின்னால் குந்தியிருந்தவள் நான். அதைச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு நின்றேன்.

எனக்கு முன் வந்தவர்கள் தட்டை வைத்துவிட்டு ஓடிவிடுவார்களாம். நான் நின்றேன். நான் நின்றிருக்க, நீங்கள் முள்ளுக்கரண்டியைத் தொடவில்லை. ஆறியதைப் பிறகு கொட்டினீர்கள். மெலிந்துகொண்டே வந்தீர்கள். சாப்பிடாதவரைத் தனியே விட முடியாது, முதியோர் இல்லத்துக்கு மாற்ற வேண்டிவரும் என்றார் என் மேலதிகாரி. அந்தப் பேச்சை எடுத்தால் நீங்கள் சுவரைப் பார்ப்பீர்கள்.

ஒருநாள் மலாயாவில் காலைகள் எப்படி என்று கேட்டேன். வாகனங்களைக் கழுவி எண்ணெய் விடும் நேரத்துக்கு, குதிரைகள் போன பிறகும், 'லாயம்' என்றே பெயர் என்றீர்கள்.

"அது முடிந்துதான் சாப்பாடு. முதலில் குதிரை. பிறகு பையன்கள், இளையவனிலிருந்து. தலைவன் கடைசியில்."

உங்கள் கவச வாகனத்துக்கு நீங்கள்தான் தலைவர்.

மூத்தவர் சாப்பிட்டு முடியும்வரை நிற்கும்படி என்னை வளர்த்திருந்தார்கள். இளையவர் வாய் வைக்கும்வரை காத்திருக்கும்படி உங்களைப் பழக்கியிருந்தார்கள். நம் இருவருக்கும் நடுவில் கோவா ஆறிக்கொண்டிருந்தது. உங்கள் தட்டிலிருந்து ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து வாயில் போட்டேன். நீங்கள் உடனே சாப்பிடத் தொடங்கினீர்கள்.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா என்று மேலதிகாரி நேரில் பார்க்க வந்த அன்று என் கை எழவில்லை. முதியவர்களின் சாப்பாட்டை நாங்கள் தொடக்கூடாது என்பது வேலையின் விதி. நீங்கள் காத்திருந்தீர்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாப்பிடு, தங்கச்சி," என்றீர்கள்.

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். "உனக்கு அவ்வளவு பசியா?" என்று அவர் கேட்டார்.

"என் வாகனத்தில் இவள்தான் இளையவள்," என்றீர்கள் நீங்கள். பிறகு தட்டை வழித்துச் சாப்பிட்டீர்கள். குழம்பைக்கூட விடவில்லை.

வீடு உங்களிடமே இருந்தது. அடுத்த மாரிக் குளிரில் அங்கேயே, உட்கார்ந்திருந்த கதிரையிலேயே, போனீர்கள்.

தகனம் முடிந்து ஒரு சிறிய மண்டபத்தில் தேநீர் வைத்தார்கள். உங்கள் படையின் பழைய தோழர்கள் சிலர் பதக்கங்களுடன் வந்திருந்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். மேசையில் சாண்ட்விச் காய்ந்துகொண்டிருந்தது. ஒருவரும் கை வைக்கவில்லை. ஊன்றுகோலுடன் ஒருவர் என்னிடம் வந்தார்.

"இங்கே இளையவர் நீங்கள்தான் போலிருக்கிறது," என்றார் மெதுவாக.

ஒன்றை எடுத்துக் கடித்தேன். முட்டையா சீஸா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் நினைவில்லை. நான் அதை விழுங்கும்வரை அவர்கள் எல்லோரும் வெறுந்தட்டுகளுடன் நின்றார்கள். அழுகைக்குப் பதில் அதுதான் என்னிடம் இருக்கிறது.