இல்லாத பட்டமும் இரண்டு விருந்துகளும்

அன்பு மகன் ரெல்யாவுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே பனி ஆளுயரத்துக்கு விழுகிறது என்று அம்மா சொன்னாள், காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, வேளைக்குச் சூடாக ஏதாவது சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்களுக்குக் கவலை. நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும், முடிவெட்டுகிறவனுக்குக் கைக்கும் வாய்க்கும்தான் வேலை, பேனாவுக்கு இல்லை. ஆனால் நம் குடும்பப் புனிதரின் விருந்தான ஸ்லாவா அன்று நடந்ததற்குப் பிறகு நீ என் போனை எடுப்பதில்லை, எடுக்காததில் தப்பும் இல்லை. இந்தப் பருவம் முடிந்ததும் படிப்பை விட்டுவிட்டு ஏதாவது வேலைக்குப் போகப்போவதாக அம்மாவிடம் சொன்னாயாமே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்று வீட்டில் என்ன நடந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. புனித திமித்ரியின் மெழுகுவர்த்தி எரிகிறது, வீடு நிறைய ஆட்கள், அம்மா சூப் ஊற்றிக்கொண்டிருக்கிறாள், நான் வழக்கம்போல உன் பெருமையை அவிழ்த்துவிட்டேன். கடையில் என் கத்தரிக்குக் கீழே உட்கார்ந்த ஒவ்வொரு தலையிடமும் இரண்டு வருடமாகச் சொன்னதுதானே, என் மகன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் பட்டம் படிக்கிறான் என்று. காதருகே கத்தரி இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்? சர்க்கரை ஆலையில் இருந்து ஓய்வு பெற்ற நம் தெரு மிலுதின் அண்ணன்தான், பாவம், மனதில் ஒன்றும் இல்லாமல் கேட்டார், "ஏம்ப்பா திஹோமிர், என் தங்கச்சி மகனும் அதே காலேஜுக்குப் போகணும்னு பார்த்தான், அங்க கம்ப்யூட்டர் பட்டமே கிடையாதாமே?" மேசை முழுக்க என்னைப் பார்த்தது. எனக்கு எங்கிருந்துதான் அந்த வெறி வந்ததோ, அவருடைய கோட்டை எடுத்து அவர் கையில் திணித்து, "என் வீட்டுல உக்காந்து என் பையனையே பொய்யன்னு சொல்றியா, எந்திரிச்சுப் போய்யா" என்று கத்திவிட்டேன். ஸ்லாவா அன்று, ரெல்யா. அழைக்காமல் வருகிற வழிப்போக்கனைக்கூட உள்ளே உட்காரவைக்க வேண்டிய நாளில், நம் வீட்டுப் படையல் கோதுமையை வாயில் போட்டுக்கொண்ட மனிதரை வெளியே தள்ளினேன். அதற்குப் பிறகு ஒருவரும் இறைச்சித் தட்டில் கை வைக்கவில்லை. உன் அம்மா வீட்டுச் செருப்போடேயே அவர் வீட்டுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அப்போதுதான் உனக்குப் போன் போட்டேன். "ஆமாம்பா, அந்தப் பட்டம் இங்க இல்ல, பேருக்குக் கணக்குத் துறையில இருக்கேன், ஆனா நான் படிக்கிறது அதுதான்" என்றாய். முதல் பாதிதான் என் காதில் விழுந்தது. கணக்கு வாத்தியார் ஆகவா கடல் தாண்டிப் போனாய் என்று கேட்டேன், அடுத்த ஸ்லாவாவுக்கு இந்த வாசலை மிதிக்காதே என்றும் சொன்னேன். சொன்ன வாயை என்ன செய்வது. முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டது அந்த ஒரு கல்லூரிதான் என்பதும், அங்கே இருந்த நான்கைந்து கம்ப்யூட்டர் பாடங்களையும் நீ முதல் வருடமே முடித்துவிட்டாய் என்பதும், மீதிக்குப் பனியில் பஸ் ஏறிப் பக்கத்து ஊர்க் கல்லூரிக்குப் போய்வருகிறாய் என்பதும் அம்மாவுக்கு ஆரம்பத்திலேயே தெரியுமாம். அப்பாவிடம் சொன்னால் ஊரில் தலைகுனிவு என்று நினைப்பார், சொல்லாதே என்றாயாம். அதுதான் என்னை அறுக்கிறது.

போன வாரம் மிலுதின் அண்ணன் வீட்டு ஸ்லாவா, புனித நிக்கோலா நாள். காபியும் ஒரு பாட்டிலும் வாங்கிக்கொண்டு போனேன், கேட்டைத் தொடவே கை வரவில்லை, திரும்பிவிடலாமா என்று நின்றேன். அவரே வந்து கதவைத் திறந்தார். முடி காதை மூடி வளர்ந்து கிடந்தது, வேறு கடைக்கு அவர் போகவே இல்லை. உள்ளே கூட்டிப்போனார், அவர் மனைவி கோதுமைக் கிண்ணத்தை நீட்டினாள், நான் அள்ளியதில் பாதி கம்பளத்தில் கொட்டியது. எல்லோரும் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாட்டு டாக்டர் இருக்கிறானே, அவன் சும்மா இருப்பானா, "என்ன திஹோமிர், நம்ம கம்ப்யூட்டர்காரன் எப்படி இருக்கான்?" என்றான். எழுந்து நின்றேன். மிலுதின் அண்ணன் சொன்னதுதான் உண்மை, என் மகன் படிக்கிற இடத்தில் அந்தப் பட்டம் இல்லை, இல்லாத இடத்தில் அதைத்தான் படிக்கிறான், இரண்டு வருடமாக உங்களிடம் அளந்துவிட்டது நான்தான், அவன் இல்லை என்று சொன்னேன். முகமெல்லாம் எரிந்தது. "அப்போ ஓட்டல்ல இல்லாத சாப்பாட்டைக் கேட்டுட்டு உக்காந்திருக்கான்னு சொல்லு" என்றான் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள். மிலுதின் அண்ணன் மட்டும், "உக்காந்திருக்கலடா, அடுப்படிக்குப் போய் அவனே சமைச்சுக்கறான்" என்று சொல்லி என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார்.

மறுநாள் கடைக்கு வந்து உட்கார்ந்தார். முடி வெட்டும்போது, "ஆமா, பையன் அங்க என்னதான் செய்யறான்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ரெல்யா. இத்தனை நாள் உன்னைப் பற்றி ஊரெல்லாம் பேசியவன் உன்னிடம் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. மேசையில் எழுந்து நின்றபோதுகூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இல்லை.

படிப்பை விடாதே. சான்றிதழில் கணக்கு என்று போட்டிருந்தாலும் கோழி வளர்ப்பு என்று போட்டிருந்தாலும் எனக்கு ஒன்றுதான். அம்மா கம்பளிக் காலுறையும் மிளகாய்த் தொக்கும் அனுப்பியிருக்கிறாள், தொக்கு ஜாடியை நிமிர்த்தி வை. புனித திமித்ரி உனக்குத் துணை நிற்கட்டும், உன் கண்ணும் கையும் சோராமல் இருக்கட்டும். அன்று நான் வெளியே போகச் சொன்னது ஒருவரை இல்லை, இருவரை. மிலுதின் அண்ணன் கதவைத் திறந்துவிட்டார். நீ போனை எடு.

உன் வரவுக்காக வாசலைத் திறந்துவைத்திருக்கும்,
அப்பா திஹோமிர்