அம்மாவுக்கு ஒரு வாய்

என்னங்க, வணக்கம்.

வணக்கம் போட்டு எழுதினால் சிரிப்பீர்கள்; இருந்தாலும் போட்டுவிட்டேன். முதுகுவலி தேவலையா? நான் நலம்தான். காய்கறியைக் கண்டாலே பாப்பா வாயைப் பூட்டிக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். ஊர்விட்டு வந்து வேலை பார்க்கும் இந்தக் குழந்தைகள் காப்பகத்துச் சமையலறையில் எனக்கும் அதே பாடுதான்.

புதிதாகச் சேர்ந்த ஒரு வாண்டு எதையும் தொடவில்லை. கேரட்டை நட்சத்திரமாக வெட்டினேன், பீட்ரூட்டைத் துருவி ரொட்டிக்குள் ஒளித்தேன். என் பாச்சா பலிக்கவில்லை. "உனக்குப் பிள்ளைங்க சமையல் வராதா?" என்று பெரிய சமையல்காரம்மா முறைத்தார்.

நேற்று பூசணிக்காயும் பருப்பும் மசித்து அந்த வாண்டிடம் எடுத்துப்போனேன். கரண்டியை நீட்டியபடி, நம் வீட்டு நினைப்பில், "அம்மாவுக்கு ஒரு வாய்" என்பதை இவர்கள் பாஷையில் சொல்லிவிட்டேன். இங்கே அப்படிச் சொல்லி ஊட்டும் பழக்கம் இல்லை போலும். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ அம்மாவா?"

"ஆமாண்டி கண்ணு."

கரண்டியைப் பிடுங்கி என் வாயில் திணித்துவிட்டாள்! பிறகு, "இப்ப எனக்கு" என்று தானே வாயைத் திறந்தாள். கிண்ணம் காலி. முறைத்தவரே சிரித்துவிட்டார். எனக்கு ஒருவர் ஊட்டி எவ்வளவு நாளாயிற்று!

பூசணியை நெய்யில் வதக்கி மசியுங்கள், பாப்பா சாப்பிடுவாள். அவளுடைய பழைய கரண்டி ஒன்றை அனுப்புங்கள், இங்கிருப்பதெல்லாம் பெரிது.

பால் பொங்குகிறது, ஓடுகிறேன். ஊட்டும்போது "அம்மாவுக்கு ஒரு வாய்" சொல்ல மறக்காதீர்கள். அந்த ஒரு வாய் இங்கே எனக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

பாப்பாவின் அம்மா