இரவல் விமானம்

26-10-61, வியாழன்

விடியும்போதே தூறல். துவைத்த துணி கொடியிலேயே நனைந்து கிடக்கிறது. ஆறாம் வகுப்புக் கணக்குத் தாள் இன்னும் திருத்தவில்லை. பாதிப் பிள்ளைகளுக்குப் பின்னம் என்றாலே காய்ச்சல்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், துவரம்பருப்பு, அத்தைக்கு இருமல் மருந்து, கல்லறைக்கு மெழுகுவத்தி.

பக்கத்து வீட்டுக்காரம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்ன டீச்சர், சாருக்கு இம்புட்டு நாளா லீவு?" ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? கல்கத்தாவிலிருந்து அஸ்ஸாமுக்கு விமானம் ஓட்டுகிற மனுஷர், இங்கே தன் சைக்கிளைக்கூடத் தொடுவதில்லை. கூட விமானம் ஓட்டிய முத்தையா விபத்தில் போனதிலிருந்து இப்படி.

அடுப்படியில் ஸ்டவ் திருகில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. என் பழைய சேலைக் கிழிசல். அத்தை வேலையாக இருக்கும் என்று அவிழ்த்துப் போட்டேன். சாயங்காலம் மறுபடி அதே இடத்தில், முடிச்சு இன்னும் இறுக்கமாக.

28-10-61, சனி

மழை விட்டது. ஒரே புழுக்கம்.

கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளில் ஒன்று. இருமல் மருந்துப் புட்டியின் கழுத்தில் ஒன்று. சைக்கிள் பிரேக்கில் ஒன்று. எல்லாம் அதே சிவப்பு.

அத்தையும் பார்த்துவிட்டார். "எவளோ செய்வினை வச்சுட்டா செசிலி." தீர்த்தப் புட்டியை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கத் தெளித்தார். கணக்குத் தாள் கட்டின் மேலும் தெளித்துவிட்டார். மை பரவிவிட்டது. அந்தோணியம்மாளுக்கு நான் போட்ட மதிப்பெண் எனக்கே தெரியவில்லை. பாஸ் போட்டுவிட்டேன்.

மத்தியானம் சாப்பிடும்போது விமானச் சத்தம். இந்த ஊருக்கு மேலே எப்போதாவதுதான் வரும். இவர் சோற்றை எடுத்த கையோடு அப்படியே இருந்தார். சத்தம் மலைக்கோட்டைப் பக்கம் போய் அடங்கிய பிறகுதான் அந்த வாய் உள்ளே போனது. நான் ரசம் ஊற்றப் போனேன். பார்த்தால் நாலாவதாக ஒரு தட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

முத்தையாவின் தட்டு. லீவில் வந்தால் தன் ஊர் சேவுகம்பட்டிக்குப் போகுமுன் எங்கள் வீட்டில் ஒரு சாப்பாடு உண்டு. "டீச்சரம்மா, வெஞ்சனம் என்ன?" என்று வாசலிலிருந்தே கத்துவான். சம்சாரி வீட்டுப் பிள்ளை, தோட்டம் துரவு பார்க்கிற குடும்பம். இவர்தான் விமானம் ஓட்டப் பழகவைத்து, தன் கம்பெனியில் சேர்த்துவிட்டார். சொந்தத் தம்பி இருந்திருந்தால்கூட அவ்வளவு ஒட்டுதல் இருந்திருக்காது. 

தட்டைக் கழுவாமலே எடுத்து வைத்துவிட்டேன்.

29-10-61, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் கேட்டுவிட்டேன். "துணி கட்டுறது நீங்கதானா?"

"ஆமா. அவுக்காத."

"எதுக்கு?"

உப்புச் சாடியையும் சீனி டப்பாவையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இங்கே வந்த நாளிலிருந்து இன்றுதான் இவ்வளவு பேசினார். மறக்குமுன் எழுதி வைக்கிறேன்.

இவர் கம்பெனியும் இன்னொரு கம்பெனியும் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. ஒருவர் விமானம் பழுதானால் அடுத்தவர் விமானம் பதிலுக்குப் போகும். எங்கள் பைலட் அவர்கள் விமானத்தை ஓட்டுவார். இரவல் விமானம் என்றே அங்கே பெயராம். அவர்களுக்காகப் பறந்த நேரம் அவர்கள் கணக்கில், இவர்களுக்காகப் பறந்தது இவர்கள் கணக்கில். இரண்டையும் கூட்டிப் பார்க்க ஒருவருக்கும் வேலையில்லை. இறங்கி, இறக்கை நிழலில் செத்த நேரம் கண்ணை மூடி, அடுத்ததில் ஏறுவது. குளிக்காமல், தின்னாமல்.

"இது சக்கரத்தை உள்ள மடக்குற லீவர்னு வையி." உப்புச் சாடி. "இது இறக்கைத் தட்டுக்கு." சீனி டப்பா. இறக்கைக்குப் பின்னால் ஒரு தட்டு இருக்கிறதாம், எழும்பும்போது அதுதான் தாங்கிப் பிடிக்கிறது. "நம்ம விமானத்துல இப்படி. அவங்களுதுல..." இரண்டையும் இடம் மாற்றி வைத்தார். "தரையை விட்டு எழுந்ததும் சக்கரத்தை மடக்கணும். கை தானா பழைய இடத்துக்குப் போகும், செசிலி. புத்திக்கு முன்னாடி கை போயிரும். சக்கரத்துக்குப் பதிலா தட்டை மடக்கிட்டா விமானம் அப்படியே உக்காந்துரும்."

எனக்குப் புரிந்தது. என் அடுப்படியில் யாராவது டப்பாவை மாற்றி வைத்தால் அன்றைக்குக் காபியில் உப்புதான்.

அதனால் அந்த விமானங்களில் தட்டு லீவரில் இவர்களே சிவப்புத் துணி கட்டிவிடுவார்களாம். கையில் துணி தட்டுப்பட்டால் நிறுத்து என்று அர்த்தம். எந்தச் சட்டத்திலும் இல்லை, பைலட்டுகளுக்குள் ஒரு பழக்கம். அன்றைக்குத் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் வருகிறார்கள் என்று அந்தக் கம்பெனியின் துப்புரவு ஆள் விமானத்தைக் கழுவித் துடைத்திருக்கிறார். லீவரில் கந்தல் தொங்கினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவிழ்த்து எறிந்திருக்கிறார். முத்தையா அசதியில் ஏறியிருக்கிறான். காலையிலிருந்து நாலாவது ஓட்டம். துரைமார் கடைசி நேரத்தில் வராததால் வெறும் விமானம்தான். மரங்களுக்கு மேல் ஏறவே இல்லை.

"அந்த ஆள் எங்கிட்ட வந்து அழுதாரு. சுத்தமா வச்சேன் சாப், சுத்தமா வச்சேன்னு."

இவர் அழவில்லை. டப்பாக்களைப் பழையபடி அடுக்கி வைத்தார்.

1-11-61, புதன்

சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாள், எல்லாப் புனிதர்களுக்கும் பூசை. பள்ளிக்கூடம் லீவு. வெள்ளையடிக்க ஆள் வரவில்லை. அப்பா கல்லறையை நானே கழுவி வந்தேன். முதுகு விட்டுப்போச்சு.

தந்தி. மானேஜர் அனுப்பியது. உடனே வேலைக்கு வரவும், இரவல் ஏற்பாடு தொடர்கிறது, வராவிட்டால் வேறு ஆள் போடப்படும்.

அத்தை தந்தி என்றதும் ஒப்பாரி. யாரும் சாகவில்லை என்று புரியவைக்க அரைமணி.

இவர் படித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். "என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டுப் பார்த்தேன். பயமாக இருக்கிறது. இவர் போனால் ஏறிவிடுவார். இவரை எனக்குத் தெரியும்.

2-11-61, வியாழன். கல்லறைத் திருநாள்

வெயில். ஊரே பூவும் மெழுகுவத்தியுமாகத் தெருவில்.

பத்து மணிக்கு வாசலில் முத்தையாவின் அப்பா. வத்தலக்குண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். தலையில் கூடை, ஈரத்துணி மூடி. உள்ளே சம்பங்கியும் செவ்வந்தியும். அவர் தோட்டத்துப் பூ. உட்காரச் சொன்னால் தரையில்தான் உட்காருவேன் என்கிறார். காபி குடித்தார். தீபாவளி நெருங்குகிறது, இந்த வருஷம் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டோம் என்றார். பிறகு மெதுவாக:

"தம்பி, அவன் தூங்கிட்டான்னு கம்பெனிக்காரவுக சொல்றாகளாமே. நெசமா?"

இவர் முகம் செத்துப்போனது. "இல்லைங்கய்யா. தூங்கல." எனக்குச் சொன்ன அத்தனையும் அவருக்கும் சொன்னார், லீவர், துணி, எல்லாம். பெரியவருக்கு எவ்வளவு புரிந்ததோ.

"அப்ப முழிச்சுத்தான் இருந்தான்."

"முழிச்சுத்தான் இருந்தான்யா."

"அது போதும் தம்பி. சோம்பேறிப் பயலைப் பெத்தவன்னு எவனும் சொல்லப்படாது." துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். துண்டை மடித்துக்கொண்டே, "பயந்துருப்பானா?"

இவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அத்தைதான், "அந்த நேரத்துல ஆண்டவர் பக்கத்துல இருந்துருப்பாருய்யா," என்றார். பெரியவர் தலையாட்டினார்.

பூவைப் பற்றிக் கேட்டேன். பஸ்ஸில் எல்லாரும் தங்கள் ஆட்களுக்குப் பூக்கொண்டு போவதைப் போன வருஷம் பார்த்தாராம். "நம்ம சாதி வழக்கமில்ல தாயி. ஆனா அவன அங்கயே எரிச்சுட்டாக. சாம்பல்கூட வரல. பூவ எங்க வைக்கிறதுன்னு தெரியல."

கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். அப்பா கல்லறையைக் காட்டினேன். தயங்கி நின்றார்.

"ஒங்கப்பாரு கோவிச்சுக்க மாட்டாருல்ல?"

"மாட்டாருங்க. அவருக்கு ஆள் வந்தாப் பிடிக்கும்."

கூடை மொத்தத்தையும் கொட்டினார். சிலுவை பாதி மறைந்துபோச்சு. சுற்றிலும் சனம் பார்த்தது. பார்க்கட்டும். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தவர், யாருக்கு என்று கேட்டார். இரண்டு பேருக்கு என்றேன்.

பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது முத்தையா பின்னாலேயே நடந்து வருவது போல் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேசியிருப்பேன்.

3-11-61, வெள்ளி

சண்டை. பெரிய சண்டை.

இவர்: நாளைக்குப் போகிறேன். நான்: போகக்கூடாது. இவர்: ஓட்டப் போகவில்லை, மூஞ்சிக்கு நேரே சொல்லப் போகிறேன், லீவரை ஒரே மாதிரி மாற்றாமல் இரவல் விமானத்தில் ஏறமாட்டேன் என்று. நான்: அதைத் தபாலில் எழுதினால் ஆகாதா? இவர்: "எழுதியாச்சு செசிலி. முத்தையா இருக்கும்போதே ரெண்டு பேரும் எழுதினோம். பாக்குறோம்னாங்க. பாத்துக்கிட்டே இருக்காங்க."

"அவங்க கண்ணைக் கசக்கினா ஏறிருவீங்க. இந்த ஒரு ட்ரிப் மட்டும் லூர்து, ஆள் இல்ல லூர்துன்னு சொல்லுவாங்க. உங்களுக்கு மாட்டேன்னு சொல்ல வாய் வராது. எனக்குத் தெரியாதா?"

தந்தியை எடுத்து மறுபடி படித்தார். அதுதான் பயம். நான் சொன்னது சரி என்று அவருக்கும் தெரியும்.

கத்தரிக்காய் தீய்ந்துவிட்டது. யாரும் சாப்பிடவில்லை.

4-11-61, சனி

ஸ்டேஷன். மழை. ரயில் தாமதம். பெட்டி, படுக்கை, அத்தை கட்டிக்கொடுத்த முறுக்கு. கிளம்பும்போது என் கையைப் பிடித்தார், பிளாட்பாரத்தில், எல்லாரும் பார்க்க. கல்யாணமாகி ஒருநாளும் செய்ததில்லை.

"ஏறமாட்டேன்."

சரி என்றேன். நம்பவில்லை.

8-11-61, புதன்

இந்நேரம் கல்கத்தா போய்ச் சேர்ந்திருப்பார். தெருவில் நேற்று வெடித்த பட்டாசுக் காகிதம் ஈரத்தில் ஒட்டிக்கிடக்கிறது. வகுப்பில் மூன்று தடவை ஒரே கணக்கைப் போட்டேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை, அதுதான் பாவமாக இருந்தது. தந்திக்காரர் தெருமுனையில் திரும்பியதும் வாசலுக்கு ஓடினேன். வேறு வீட்டுக்குப் போனார்.

அத்தை ஒருபொழுது, ஒரு வேளைச் சாப்பாடுதான். நானும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

11-11-61, சனி

தந்தி. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

மறுத்துவிட்டேன். வேலை போயிற்று. வருகிறேன். லூர்து.

நானும் அத்தையும் கட்டிக்கொண்டு அழுதோம். வேலை போன வீட்டில் இப்படி யாரும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். கறி வாங்கப் போனேன். பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கு நானே வலியப்போய்ச் சொன்னேன், "சார் வாராரு, இனிமே இங்கதான்."

குழம்பு கொதிக்கும்போதுதான் தோன்றியது. மானேஜர் சொன்னபடி வேறு ஆள் போட்டிருப்பார். விமானம் நிற்காது. இவர் ஏறாத ஓட்டத்துக்கு இன்னொருவர் ஏறியிருப்பார். அவருக்கும் ஒரு வீடு இருக்கும். அங்கேயும் ஒருத்தி இன்றைக்கு அடுப்புமுன் நிற்பாள், புருஷனுக்கு வேலை கிடைத்தது என்று.

அடுப்பை அணைத்துவிட்டு மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டேன். அவருக்காக வேண்டிக்கொள்ளலாம் என்று. ஜெபம் பாதியிலேயே நின்றுபோச்சு. அந்த மனுஷர் பெயர் எனக்குத் தெரியாது.