ஓ.எஸ்.ஆர். இடம்

ஜூலை 19, சனி
காலையிலிருந்தே புழுக்கம். மோட்டார் ஓடவில்லை, துணி ஊறியபடி கிடக்கிறது. தெருக்கோடிக் காலி இடத்தில் கல்லுக்கால் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். முள்கம்பிச் சுருள் வேறு. தண்ணி லாரி முருகேசன் அண்ணன் நின்று வேலை வாங்குகிறார். என் பாப்பா சைக்கிள் பழகுவது அங்கேதான். இந்த லேஅவுட்டில் வீடு கட்டாத இடம் அது ஒன்றுதான். மழைத்தண்ணீர் போய் நிற்பதும் அங்கேதான்.

எதிர்வீட்டுப் பரிமளா அக்காவிடம் கேட்டேன்.

"அது ஓ.எஸ்.ஆர். எடம்டி. மனை வாங்கும்போதே புரோக்கரு சொன்னான். இப்போ முருகேசனுக்குக் குத்தகைக்கு வுட்டுட்டாராம். நாம இன்னா சொல்றது?"

யார் அந்த ஓ.எஸ்.ஆர்.? அக்காவுக்கும் தெரியாது. பெரிய பண்ணையாராம்.

வாங்க: வெந்தயம், பாப்பாவுக்கு ஷூ லேஸ்.

ஜூலை 21, திங்கள்
ஃபர்ஸ்ட் ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட், அதிசயம். சேரப்பணஞ்சேரி பக்கம் புது லேஅவுட் போர்டு. மனைகள் வரைந்து, மூலையில் பச்சை அடித்து, அதிலும் ஓ.எஸ்.ஆர்.! ஊருக்கு ஊர் வளைத்துப் போட்டிருக்கிறார் மனுஷன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பியபடியே விளக்கம்: "ஓ-ன்னா ஒரகடம். எஸ்ஸு அப்பா பேரு. ஆர்-னா ராமசாமி. உனுக்கு இன்னாத்துக்கு இந்த ஆராய்ச்சி?"

ஒரகடம் எஸ். ராமசாமி. இருக்கலாம். முகம் எப்படி இருக்கும்? மீசை உண்டா?

ஜூலை 23, புதன்
தூறல். கம்பி சுற்றியாகிவிட்டது, கேட்தான் பாக்கி. பாப்பா சைக்கிளை ரோட்டில் ஓட்டுகிறாள். பின்னால் டிப்பர் லாரி. ஓடிப்போய் ஓரமாக இழுத்தேன். கம்பிக்கு உள்ளே ஆள்காட்டிக் குருவி இரண்டு, ஒரே கத்தல்.

முருகேசன் அண்ணனிடமே போய், ஐயாவைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"அவுரு மெட்ராஸ்ல கீறாரும்மா. யாரையும் பாக்க மாட்டாரு. தங்கமான மனுசன்."

பேசும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஏன்?

ஜூலை 24, வியாழன்
லைனில் பார்ட் வரவில்லை, சும்மா நின்றோம். கேன்டீன் சுவரில் பிளான்ட் மேப். காம்பவுண்டுக்கு வெளியே, ரோட்டோரம், பச்சைக் கட்டம். ஓ.எஸ்.ஆர்.! தூக்கிவாரிப் போட்டது.

டீ குடித்துக்கொண்டிருந்த சூப்பர்வைசரிடம் கேட்டே விட்டேன். "சார், ஓ.எஸ்.ஆர். நம்ம கம்பெனில பார்ட்னரா?"

சிரித்த சிரிப்பில் அவர் சட்டையெல்லாம் டீ. அடங்கிய பிறகு சொன்னார்: "ஆள் பேரு இல்லம்மா அது. ஓப்பன் ஸ்பேஸ் ரிசர்வேஷன். பெரிய லேஅவுட் போட்டா ஜனங்களுக்குன்னு எடம் வுடணும். தானமா எழுதி நகராட்சி கைல குடுத்துடுவாங்க. பார்க்கு, விளையாட்டுக்கு. யாரும் விக்கவும் முடியாது, வேலி போடவும் முடியாது."

கேன்டீனே சிரித்தது. மானம் போனது. போகட்டும். இல்லாத ஆளுக்கா இத்தனை நாள் மரியாதை கொடுத்தோம்! கோபத்தில் சாப்பாட்டைப் பாதியில் மூடிவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு
நல்ல வெயில். மாவு புளித்துவிட்டது. நாளைக்கு நகராட்சியில் மனு கொடுக்க லீவு சொல்லியாயிற்று.

விஷயத்தைச் சொன்னதும் பரிமளா அக்கா வாயைப் பிளந்தார். "அப்போ அப்பிடி ஒரு ஆளே இல்லியா? அடப்பாவி, நேத்துகூட அவுருக்கு ஒடம்பு சரியில்லன்னானே முருகேசன்!"

சாயங்காலம் தெருப் பெண்கள் எல்லோரும் போனோம். பாப்பா சைக்கிளோடு. முருகேசன் அண்ணன் கேட் மாட்டிக்கொண்டிருந்தார்.  நான் முன்னால் போனேன்.

"ஓ.எஸ்.ஆரே ஒத்துக்கினாரும்மா. உங்களுக்கு இன்னா?"

"எப்போண்ணா ஒத்துக்கினேன்? என்னைக் கேக்கவே இல்லியே."

"உன்னை இன்னாத்துக்குக் கேக்கணும்?"

"நான்தாண்ணா ஓ.எஸ்.ஆர்."

 பரிமளா அக்கா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"நானுந்தான் முருகேசா. ஒடம்பு இப்போ தேவல."

முருகேசன் அண்ணன் கேட்டைக் கீழே வைத்தார். பாப்பா சைக்கிளை உள்ளே விட்டாள்.