நல்லதை மட்டும் கறக்க முடியாதா

செவ்வாய்க்கிழமை, இரவு.

மத்திகிரியில் நாகரத்னம்மாவின் மாட்டைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனசே சரியில்லை. போன வாரம் அவர் வீட்டுக் கோழிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. இப்போது மாட்டின் பால் மஞ்சளாக, கெட்டியாக, சீம்பால் மாதிரி வருகிறது. கன்று போட்டு மாதக்கணக்காகிவிட்ட மாடு. அந்தப் பாலைக் குடித்த பூனையும் நேற்று செத்துவிட்டதாம்.

பறவைக் காய்ச்சல் மாட்டு மடிக்கு வருவதை வெளிநாட்டுச் செய்தியில்தான் படித்திருக்கிறேன். இங்கே பார்த்ததில்லை. மாட்டு டாக்டர் என்று பேர்தான். சாம்பிள் அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை பாலைக் கறந்து, கொதிக்க வைத்து, கொட்டிவிடச் சொன்னேன்.

"மாட்டுக்கு எதிர்ப்பு சக்தி இல்லீங்களா மேடம்?" என்றார் நாகரத்னம்மா.

"இருக்குங்கம்மா. உடம்பு சண்டை போட்டுட்டுதான் இருக்குது. ஆனா அந்தக் கிருமியா இருந்தா, அதுவும் பால்லதான் வரும், அதை எதிர்க்கிற சக்தியும் அதே பால்லதான் வரும்."

"அப்ப நல்லதை மட்டும் கறக்க முடியாதுங்களா?"



மடியைக் கறந்து பார்த்தபோது ஒரு துளி என் கண்ணில் தெறித்தது. உடனே கழுவினேன். ஆனாலும் எனக்கும் தொற்றியிருக்குமோ என்று, வீட்டுக்கு வந்து பாப்பாவைத் தொடவில்லை, பால் கொடுக்கவில்லை. பக்கத்து அறையில் அவள் புட்டிப்பாலைத் துப்பித் துப்பி அழுகிறாள். வீட்டுக்காரர் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார். எனக்குப் பால் கட்டிக்கொண்டு மார் வலிக்கிறது. தாங்க முடியாமல் பீய்ச்சி வாஷ்பேசினில் விட்டேன்.

நல்லதும் அதோடுதான் போச்சு.