உனக்குக் கட்டிய பாட்டு

குளத்தூர்ச் சாலையோரக் கொல்லையில் இன்று காலை கடலை பறித்த பெண்கள் உன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். நீ செத்ததற்கு நான் கட்டிய பாட்டு. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நீயும் நானும் சேர்ந்து பாடாத திருவிழா நம் பக்கத்தில் இல்லை. ராஜா ஆட்சி முடிந்து சமஸ்தானம் போன மறு வருஷம், கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா காணாமல் போனது. பழி என் மேல் விழுந்தது. அன்று பகல் முழுக்க நாம் இருவரும் முந்திரிக் கொல்லையில் உட்கார்ந்து புதுப்பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம். ஊர்க்கூட்டத்தில் உன்னைக் கைகாட்டினேன்.

"அவனையே கேளுங்க. எங்கூடத்தான் இருந்தான்."

நீ தரையைப் பார்த்தபடி, "எனக்கு நெனவில்லீங்க" என்றாய்.

நினைவில்லையா? கிடாவை ஓட்டிப்போய்க் கந்தர்வக்கோட்டையில் விற்றவன் உன் அண்ணன். வெகுநாள் கழித்து ஓர் ஆட்டு வியாபாரி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உனக்கோ அன்றைக்கே தெரியும். கூட்டத்தின் நடுவே என்னை விழுந்து கும்பிட வைத்தார்கள். இனிக் கோயிலில் பாடக்கூடாது என்றார்கள். அந்த வருஷத் திருவிழாவில் நீ மட்டும் போய்ப் பாடினாய்.

ஆறு வருஷம் கழித்து, கிணறு வெட்டும்போது மண் சரிந்து நீ செத்தாய். உன் மனைவி என் வாசலில் வந்து நின்றாள்.

"கருமாதிக்கு நீங்கதாண்ணே பாடணும்."

ஊரறிய உன்னைக் கிழித்துவிடலாம் என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

"கண்டதெல்லாம் நெஞ்சுக்குள்ள
கட்டிவச்ச மவராசா - ஒரு
வார்த்தை சொல்ல வாய்தெறந்தா
வானமிடிஞ்சு விழுந்திடுமோ?"

கூட்டம் கதறியது. செத்தவனைப் பேசச் சொல்லி நான் மன்றாடுவதாக நினைத்துவிட்டார்கள். அங்கேயும் நீ தப்பித்துக்கொண்டாய்.

உன் மனைவி மட்டும் அழவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அந்த அடி எதுக்குன்னு எனக்குத் தெரியும்ணே. கல்யாணமான புதுசுலயே எங்கிட்டச் சொல்லி அழுதாரு. ஊருல சொல்லிரட்டுமா?"

அந்தப் பெண்குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. திருட்டு வீட்டுப் பிள்ளை என்ற பேர் அதற்கு எதற்கு?

"வேணாந்தாயி" என்றேன்.

பெண்டாட்டியிடம் அழத் தெரிந்த உனக்கு, இரண்டு தெரு தாண்டி என்னிடம் வரக் கால் எழவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை.

இன்றும் இந்த ஊருக்கு நான் கிடா திருடியவன். உன் உயிர் நண்பன் என்பதும் என்னைத்தான். முதல் பேரைச் சுமந்து பழகிவிட்டேன். இரண்டாவதுதான் இன்னும் உறுத்துகிறது.