காற்று சரியாக வீசும் நாள்

ஜனவரி 8

என் பாப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அறையில் என்னோடு மூன்று பேர், எல்லாம் உன் வயதுப் பெண்கள். காலையில் எழுந்ததும் என் குறட்டையை நடித்துக் காட்டுகிறார்கள்.

பாழாய்ப்போன புல்வெளியை மறுபடி உயிர்ப்பிக்கும் பயிற்சி என்றதும் செடி நடுவோம் என்று நினைத்தேன். இங்கே ஒரே பிடுங்கல்தான். எங்கிருந்தோ வந்து பரவிய ஒரு புதரை வேரோடு எடுக்க வேண்டும். வீட்டில் களை எடுத்துப் பழகிய கையாயிற்றே, ஒரு பாத்தியைச் சுத்தமாக வழித்துவிட்டுப் பெருமையாக நின்றேன். சொல்லிக்கொடுக்கும் பெண் ஓடி வந்தாள். "அய்யோ அம்மா, நீங்க பிடுங்கினது பூரா நாங்க போன வருஷம் நட்டது!" என்றாள். கன்றாக இருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி இருக்குமாம். வெட்கத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

ஜனவரி 20

அன்புள்ள அம்மாவுக்கு,

செடியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கட்டிக்கொள்ளப் போகிறவரைப் பற்றி ஒரு வரி உண்டா? வீட்டுக்கு வந்தவர் படி இறங்குவதற்குள், "இவன் சரிப்பட்டு வர மாட்டான்" என்றாய். ஏன் என்று கேட்டால், "தோணுது" என்றாய். அடுத்த வாரமே பெட்டியைத் தூக்கிவிட்டாய். படிக்கப் போனாயா, என் கல்யாணத்துக்குப் பயந்து ஓடினாயா?

அப்பாவும் இல்லை. நீயும் இல்லாமல் நான் எப்படிம்மா? நீ திரும்பி வர ஒரு தேதி சொல்லு.

பாப்பா

பிப்ரவரி 3

பாப்பா,

படிக்கத்தான் வந்தேன். ஓடித்தான் வந்தேன். இரண்டில் எது என்று எனக்கே பிடிபடவில்லை.

தேதி கேட்கிறாய். இங்கே காய்ந்த அயல் புல்லை எரித்தால்தான் மண்ணுக்குள் கிடக்கும் சொந்தப் புல்லின் விதை முளைக்குமாம். காற்று சரியாக வீசும் நாளில்தான் எரிக்கலாம். தினமும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போகிறோம், "இன்னைக்கு வேணாம்" என்று சொல்லிக்கொடுக்கும் பெண் திருப்பி அனுப்புகிறாள். முன்னால் நின்று நெருப்பு வைக்க வேண்டியது நான். அதுதான் எனக்குத் தேர்வு.

வீட்டுக்கு வந்த அன்று அவர் குடித்த டம்ளரைத் தானே கழுவி வைத்தார். நடிக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்த்தால் அபத்தமாக இருக்கிறது.

அம்மா

பிப்ரவரி 16

அம்மா,

மார்ச் 2, காலை பதினொரு மணி, பதிவு அலுவலகம். உன் சாட்சிக் கையெழுத்துக்கு இடம் வைத்திருக்கிறேன். வா என்று இனிமேல் கெஞ்ச மாட்டேன்.

பாப்பா

மார்ச் 3

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

நேற்று ஒரு மணி வரை உங்களுக்காகக் காத்திருந்தோம். "நேரமாகுது, வேற யாராவது கையெழுத்துப் போடுங்க" என்றார் அதிகாரி. அவள் பேனாவைத் தோழியிடம் நீட்டினாள். நான்தான், "இன்னொரு நாள் வர்றோம் சார்" என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும், "எங்கம்மாவே என்னை வேணாம்னுட்டா. நீயுமா?" என்று கத்தினாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

நான் செய்தது சரியா, தப்பா? உங்களுக்கு என்னைப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் வேறு யாரைக் கேட்பது?

இப்படிக்கு,
என்ன உறவு போடுவதென்று தெரியாத நான்

மார்ச் 8

மாப்பிள்ளைக்கு,

இப்படிக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். கூப்பிட்டுவிட்டேன்.

கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே பெட்டியோடு கிளம்பி நின்றேன். பேருந்து வருவதற்குள் காற்று சரியாகிவிட்டது. "இன்னைக்கு விட்டா அடுத்த வருஷம்தான்மா" என்று சொல்லிக்கொடுக்கும் பெண் தீப்பந்தத்தை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை புரியவில்லை. புல்வெளி நன்றாக எரிந்தது, தேர்விலும் தேறிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது, புகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

சரியா தப்பா என்று என்னைப் போய்க் கேட்கிறீர்களே! உங்கள் இடத்தில் நானாக இருந்தால் அன்றைக்கே கையெழுத்தைப் போட்டுக் கதையை முடித்திருப்பேன். நீங்கள் எனக்காகக் காத்திருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். அவள் கதவைத் திறக்க மாட்டாள். நீங்கள் அங்கே இருந்து திறங்கள்.

அம்மா